இரண்டு சீட்டு எடுக்கும் விதி

1

இந்தக் கதை எனக்கு மின்சார ரயிலில் கிடைத்தது. தாம்பரத்தில் ஏறிக் கோட்டை வரை என் எதிரில் உட்கார்ந்து வரும் சுந்தர்சிங் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார். மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் பல்லாவரம் வருவதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கதை அங்கேயே நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராததற்குக் காரணம் என்ன என்று பார்க்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘குன்றர் நாட்டு வைத்தியர் வாளை உருவியபோது கோட்டைக் கதவு’

வேண்டாம். வைத்தியருக்கு வாள் எதற்கு? அடுத்து இப்படி:

‘ஞானஜோதியின் அப்பா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.’

இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் முதல் வரியிலேயே அவள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அருள்மேரி இன்னும் கதைக்குள் வரவேயில்லை. முதலில் வருகிறவருக்கு வாசகர்கள் கொடுக்கும் சலுகை எனக்குத் தெரியும், நானும் வாசகன்தான்.

ஆகவே விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

2

1977 தொடக்கத்தில் சுந்தர்சிங்கின் மச்சான் ஐசக் லீவில் வந்தார். கப்பலில் ரேடியோ ஆபீசர். ஏதோ ஒரு அயல்நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நின்ற நாட்களில், அங்கிருந்த கல்லூரி மாணவர்களோடு அவர் ஒரு விளையாட்டு ஆடியிருந்தார். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். எந்த இனம், என்ன தொழில் என்று அவரவரே தேர்ந்துகொள்ள வேண்டும். காட்டில் புலி எதிர்ப்பட்டால் என்ன செய்கிறீர்கள் என்று கதை நடத்துபவர் கேட்பார், சொன்னதைச் செய்ய முடிந்ததா என்று பகடை சொல்லும். போகப் போகப் பாத்திரம் படிப்படியாக வலுவாகும். ஐசக் இதை இரண்டு மாலைகளில் விளக்கிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினார். விதிப்புத்தகம் எதுவும் அவரிடம் இல்லை. மிச்சத்தைக் கிழக்குத் தாம்பரமே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

ஞாயிறு ஆராதனை முடிந்து, மதியச் சாப்பாடு முடிந்து, சுந்தர்சிங் வீட்டு முன்னறையில் ஆட்டம் நடக்கும். கதையை நடத்தியவர் வேதசிரோமணி, கல்லூரியில் கணக்கு சொல்லித்தருபவர். அவரை எல்லோரும் ரெஃபரி என்றார்கள். ஆடியவர்கள் சுந்தர்சிங், அவர் மனைவி ரத்தினபாய், பிறகு ஒரே பள்ளியில் தற்காலிக வேலை பார்த்த இரண்டு அறிவியல் டீச்சர்கள், ஞானஜோதியும் அருள்மேரியும்.

முதல் நாளே பகடையில் தகராறு. ரத்தினபாய் சபைப் பெண்கள் சங்கத்துச் செயலாளர். தன் வீட்டில் தாயக்கட்டை உருளக் கூடாது என்று சொல்லிவிட்டார். காலியான பன்னிரண்டாவது இடத்துக்கு ஆள் எடுக்க அப்போஸ்தலர்கள் பகடையா உருட்டினார்கள், சீட்டல்லவா போட்டார்கள் என்றார். சிலுவையடியில் நின்ற சேவகர்களும் அங்கிக்காகச் சீட்டுத்தானே போட்டார்கள் என்று வேதசிரோமணி மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். ரத்தினபாய் எழுந்தார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவும் கத்தரிக்கோலும் கொண்டுவந்தார். பெண்கள் சங்கத்துப் பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கம் ஒன்று முதல் இருபது வரை எழுதி, மடித்து, டப்பாவில் போட்டுக் குலுக்கினார். உலகத்தில் வேறெங்கும் அந்த விளையாட்டைச் சீட்டுப் போட்டு ஆடியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

ரத்தினபாய் இன்னொன்றும் சொன்னார். விழுந்த சீட்டைத் திரும்ப டப்பாவில் போடக் கூடாது. அது கர்த்தரைச் சோதிப்பதாகும். இருபதும் தீர்ந்த பிறகுதான் மறுபடி எல்லாவற்றையும் மடித்துப் போட வேண்டும். எல்லோரும் சரியென்று தலையாட்டினார்கள்.

(வாசகர் இந்தப் பத்தியை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளவும். கணக்குச் சொல்லித்தரும் வேதசிரோமணியே இதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு மறந்துபோனார்.)

3

பாத்திரங்கள் பற்றி.

ரெஃபரி உண்டாக்கிய நாட்டில் நான்கு இனங்கள்: குன்றர், கானவர், ஏரியர், துறையர். நான்கு தொழில்கள்: வாள்வீரர், மந்திரவாதி, வைத்தியர், வேவுகாரர். சுந்தர்சிங் கானவர் வாள்வீரர். ரத்தினபாய் மந்திரவாதியாக இருக்க மனசாட்சி இடம் கொடுக்காமல் ஏரியர் வேவுகாரி ஆனார். ஞானஜோதி குன்றர் வைத்தியர். அருள்மேரி துறையர் வைத்தியர்.

ஒரே கூட்டத்தில் இரண்டு வைத்தியர்களா என்று நீங்கள் கேட்கலாம். உண்மையில் அருள்மேரி மந்திரவாதியாக ஆடினாள் என்றுதான் சுந்தர்சிங் ஒருமுறை சொன்னார். இன்னொருமுறை வைத்தியர் என்றார். எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன்.

சபை நடத்தும் அந்தப் பள்ளியில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. அதற்கு மனுப் போட்டவர்கள் இவர்கள் இருவர். அதனால்தான் எனக்கு இரண்டு வைத்தியர்கள் தேவைப்பட்டார்கள்.

4

அந்த இடத்தைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் தந்திரம் போலத் தெரியும்.

ஞானஜோதியின் அப்பா சுவிசேஷமுத்து அந்தப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து, பணியில் இருக்கும்போதே காலமானவர். அவளும் அம்மா யூனிஸும் பள்ளிக் காம்பவுண்டுக்குள்ளேயே பழைய வீட்டில் இருந்தார்கள். வேலை கிடைத்தால் வீடு நிலைக்கும். கிடைக்காவிட்டால் கோடை விடுமுறைக்குள் காலி செய்ய வேண்டும். மனுவெல்லாம் ஒரு சம்பிரதாயம்தான் என்று தாளாளர் ஐயா அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

அருள்மேரி செம்பாக்கத்திலிருந்து நடந்து வருகிறவள். கத்தோலிக்கக் குடும்பம், அப்பா கல்குவாரியில் கூலி வேலை. பி.எஸ்ஸி.யிலும் பி.எட்.டிலும் அவள் முதல் வகுப்பு, ஞானஜோதி இரண்டிலும் இரண்டாம் வகுப்பு. இந்த இடம் கிடைக்காவிட்டால் அருள்மேரி திண்டிவனம் பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்குப் போக வேண்டும். அவள் அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருந்ததால் வீட்டை விட்டுப் போவது சுலபமில்லை.

இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதேயில்லை. அருள்மேரி அவளை அக்கா என்பாள், நீங்க என்பாள். ஞானஜோதி அவளை மேரி என்பாள், நீ என்பாள். இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் ஏழே மாதம்.

5

சலுகை விதி எப்படி வந்தது என்றால், ஆட்டம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகும் சமயத்தில் சுந்தர்சிங்குக்குத் திடீரென்று மச்சான் சொன்ன ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. வெளிநாட்டு ஆட்டத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் அதற்கே உரிய தொழில் ஒன்று உண்டு. அந்த இனத்தில் பிறந்து அந்தத் தொழிலையே எடுத்தால், ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு சின்ன போனஸ்.

“இப்ப நம்ம ஆட்டத்துல குன்றரா இருந்தா என்ன, துறையரா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான். டேஸ்ட்டே இல்லை,” என்றார் சுந்தர்சிங். விதியை வகுக்கும் பொறுப்பு ஞானஜோதிக்கு வந்தது. அவளுக்குத்தான் அதில் பொறுமை உண்டு.

அவள் அந்த வாரம் முழுக்க அதே யோசனையாக இருந்தாள். விடைத்தாள் திருத்தும்போதும் பால் காய்ச்சும்போதும் மனசுக்குள் குன்றர்களும் கானவர்களும் நடந்துகொண்டிருந்தார்கள். முதலில், உரிய தொழில் எடுத்தவருக்கு, அடிபட்டால் குறையும் உயிர்ப்புள்ளியில் ஒன்று கூடுதல் என்று வைத்தாள். அது சப்பென்று இருந்தது. வைத்தியர் வீட்டில் வளர்ந்த குழந்தைக்குக் கூடுதலாக உயிரா இருக்கும்? வேரின் வாசனை தெரிந்திருக்கும். ஒருமுறை தவறினாலும் கை தானாகச் சரிசெய்துகொள்ளும். அவளுக்கே அப்படித்தான். அப்பா சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்துவார், எதிரில் உட்கார்ந்து அவள் சிவப்புப் பென்சில் சீவித் தருவாள். கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முதுகு காட்டாமல் நிற்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

(இங்கே அவளைக் கேலி செய்து ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் நினைத்ததில் பொய் ஒன்றுமில்லை.)

ஆகவே விதி இப்படி அமைந்தது: உரிய தொழிலில் இருப்பவர் தன் முறை வரும்போது இரண்டு சீட்டு எடுக்கலாம். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை டப்பாவில் திரும்பப் போட்டுவிட வேண்டும். குன்றருக்கு வைத்தியம், கானவருக்கு வாள், ஏரியருக்கு வேவு, துறையருக்கு மந்திரம்.

திரும்பப் போடுவதற்கு ரத்தினபாய் சம்மதிக்கவில்லை. வைத்துக்கொண்ட சீட்டுத்தான் விழுந்த சீட்டு, மற்றது வெறுமனே கைபட்ட சீட்டு என்று வேதசிரோமணி ஒரு வியாக்கியானம் கொடுத்தார். அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டிய இடத்தில் வேதம் பேசிக்கொண்டிருந்தார். ரத்தினபாய் திருப்தியானார்.

தனக்கு என்ன என்று அருள்மேரி கேட்டாள். துறையர் மந்திரவாதியாக மாறிக்கொண்டால் அவளுக்கும் உண்டே, யாருடையதையும் யாரும் பிடுங்கவில்லையே என்றார் வேதசிரோமணி. அவள் மாறவில்லை.

6

சுந்தர்சிங் சிரிக்கும் இடம் இதுதான்.

இரண்டு ஞாயிறு புது விதியோடு ஆடினார்கள். மூன்றாவது ஞாயிறு கூட்டம் ஒரு ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. வெள்ளம். மூன்று பேர் கடந்துவிட்டார்கள். செம்பாக்கத்திலிருந்து கடைசியாக வந்து வாசலோரம் உட்காருகிறவள் அருள்மேரி, ஆகவே அவள் முறை எப்போதும் கடைசி. எட்டுக்கு மேல் விழுந்தால் போதும் என்றார் ரெஃபரி. அவளுக்கு மூன்று விழுந்தது. கரையில் ஒரு வேர் இருக்கிறது, பிடித்துப் பார் என்றார். இரண்டு. கடைசியாக ஒரு வாய்ப்பு, ஐந்து விழுந்தால்கூடப் போதும் என்று இறங்கிவந்தார். நான்கு விழுந்தது.

அருள்மேரியின் வைத்தியர் ஆற்றோடு போனார்.

“துறைமுகத்துக்காரி தண்ணியிலயே போயிட்டா,” என்று சுந்தர்சிங் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஞானஜோதியும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அருள்மேரி டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, உள்ளே மிச்சமிருந்த சீட்டுகளைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். ஒன்று, ஐந்து, ஆறு, ஏழு. எட்டுக்கு மேல் ஒன்றுகூட இல்லை.

“நீங்க ரெண்டு எடுத்து நல்லத வச்சிக்கிறீங்க. கெட்டத உள்ள போடறீங்க,” என்றாள். குரலில் கோபம் இல்லை, வகுப்பில் பேசுவது போலத்தான் பேசினாள். “டப்பா ஒண்ணுதான கீது. அப்புறம் கைய விடறவளுக்கு உள்ள இன்னா இருக்கும்?”

அவளிடமிருந்து ‘கீது’வும் ‘இன்னா’வும் அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆமாம், அப்படித்தான் ஆகும் என்று ஒப்புக்கொண்டார். ரத்தினபாய் காபி போட எழுந்துபோனார்.

7

அடிக்குறிப்பாக வர வேண்டியது, இடமில்லாததால் இங்கே:

என் நண்பர் ஒருவர் இந்தப் பகுதி வரை படித்துவிட்டு, இது சாதியைப் பற்றிய கதைதானே, நேராகவே எழுதிவிடேன் என்றார். பிறந்த இனம், உரிய தொழில் என்றெல்லாம் வரும்போது வேறு எதைப் பற்றியதாக இருக்கும் என்றும் கேட்டார். அவர் கேட்டது சரிதான். ஆனால் கதையில் வருகிற ஐந்து பேரும் அந்தச் சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை, இரண்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடியும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததை நான் சொன்னால் நன்றாக இருக்காது. இந்தக் குறிப்பை விட்டுவிட்டும் படிக்கலாம்.

8

அடுத்த வாரம் ஞானஜோதி வேறொரு விதி எழுதினாள். இந்த முறை தூக்கம் கெட்டது. சிரிப்பின் நடுவே தன் குரலும் இருந்தது அவளுக்கு நினைவு வந்துகொண்டே இருந்தது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

புது விதியில் எந்த இனம் எந்தத் தொழிலை எடுத்தாலும் சலுகை உண்டு, ஒவ்வொன்றும் வேறு வேறு. ஏரியர் மந்திரவாதிக்குக் கால் நனைந்திருந்தால் மந்திரம் கொஞ்சம் கூட நேரம் நிற்கும். குன்றர் வேவுகாரர் எதிரொலியை வைத்து ஆள் எங்கே என்று சொல்லிவிடுவார். கானவர் வைத்தியரிடம் எந்த மிருகமும் காயத்தைக் காட்டப் பயப்படாது. எழுத எழுத அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல் விதியைவிட இதில்தான் அந்த நாட்டு மனிதர்கள் உயிரோடு தெரிந்தார்கள்.

துறையர் வைத்தியருக்கு மட்டும் ஒன்றும் சரியாக வரவில்லை. உப்புக்காற்றில் வளர்ந்ததால் அவர் தொட்ட காயம் சீழ்பிடிக்காது என்று எழுதினாள், அடித்தாள். அயல்நாட்டு மருந்துகள் தெரியும் என்று எழுதினாள், அடித்தாள். கடைசியில், ஆற்றோடு போன துறையர் வைத்தியர் கரை ஒதுங்கி ஒருமுறை உயிர்த்தெழலாம் என்று எழுதி, அதோடு ஆட்டத்துக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பாராட்டினார்கள். அருள்மேரி முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“நல்லா இருக்கு அக்கா. எனக்கு எதுவும் வேணாம். உங்களுக்கு இருக்கிறத எடுத்துடுங்க, போதும்.”

உங்களுக்கு என்று அவள் சொன்னது குன்றர் வைத்தியரைத்தான் என்று சுந்தர்சிங் நினைத்தார், இன்னமும் அப்படித்தான் நினைக்கிறார். ரத்தினபாய் அப்படி நினைக்கவில்லை. வேலை யாருக்கென்று பெண்கள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் காபி டம்ளர்களைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஞானஜோதி எழுதிக்கொண்டு வந்ததை மடித்துக் கைப்பையில் வைத்தாள். மறுநாள் இன்டர்வியூ.

9

திங்கட்கிழமை காலை. தாளாளர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதற்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் ஆடாது, ஒருவர் எழுந்தால் ஆடும்.

ஞானஜோதியின் பையில் பிஸ்கட் டப்பா இருந்தது. காலையில் ரத்தினபாயிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். தாளாளர் ஐயாவிடம் சொல்லப்போவதையும் முடிவு செய்திருந்தாள். அப்பா பேர் வேண்டாம், இரண்டு பெயரை எழுதிப் போடுங்கள், ஜெபித்துவிட்டு ஒரு சீட்டு எடுங்கள். அப்போஸ்தலர் செய்ததை அவர் எப்படி மறுப்பார்? இதை யோசித்த பிறகுதான் அவளுக்கு விடியற்காலையில் கொஞ்சம் தூக்கம் வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

அருள்மேரியிடம் சொன்னாள். டப்பாவையும் திறந்து காட்டினாள். அருள்மேரி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இதுவும் உங்க சலுகைதான் அக்கா,” என்றாள் பிறகு. “மார்க்க பார்த்தா உங்க சீட்டு டப்பாக்குள்ள வரவே வராது.”

ஞானஜோதிக்கு முகம் சூடாகிவிட்டது. தான் கொண்டுவந்ததிலேயே பெரிய நியாயம் அதுதான் என்று நினைத்திருந்தாள். டப்பாவை மூட மறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழக் கூடாது என்று பட்டது. அந்தக் காம்பவுண்டில் அழுதால் அப்பாவை நினைத்து அழுகிறாள் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள், அதற்கும் ஒரு சலுகை கிடைத்துவிடும்.

கதவு திறந்தது. பியூன் சேட்டு எட்டிப் பார்த்தான்.

“எச்செம் சார் பொண்ணு, வாம்மா. ஐயா கூப்புடறாரு.”

அகரவரிசைப்படி அருள்மேரியைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும். ஞானஜோதி அவள் பக்கம் திரும்பி, நீ முதலில் போ என்றாள்.

“கூப்பிட்டது உங்க அப்பாவ,” என்றாள் அருள்மேரி.

10

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் ஞானஜோதி உள்ளே போய், மார்க்கைப் பார்த்துக் கொடுங்கள் ஐயா என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறாள். மே மாதம் அவளும் யூனிஸும் சாமான்களை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றுகிறார்கள். அப்பாவின் சாப்பாட்டு மேஜை வண்டியில் ஏறவில்லை. அதைப் பள்ளி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அதன் மேல் அருள்மேரி அமிலப் பாட்டில்களை வைக்கிறாள்.

இன்னொன்றில் ஞானஜோதி உள்ளே போய், உட்காரச் சொன்னதும் உட்காருகிறாள். டப்பா பையை விட்டு வெளியே வரவேயில்லை. ஜூனில் அருள்மேரி திண்டிவனத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் வாசலோரம் யாரும் இல்லை, ஆகவே கடைசி முறை ஞானஜோதியினுடையது. உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்காமல் அவள் கையை விடுவதில்லை.

எது நடந்தது என்று சுந்தர்சிங்கைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அந்தப் பள்ளி வாசலைத் தாண்டித்தான் தினமும் ஸ்டேஷனுக்கு வருகிறார். நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் வேறு பெட்டியில் ஏறுகிறேன்.

ஏனென்றால், கவனித்தீர்களா, எழுதுகிறவனுக்கும் அந்த விதி உண்டு. இரண்டு எடுக்கலாம், நல்லதை வைத்துக்கொள்ளலாம், மற்றதைத் திரும்பப் போடலாம். இதுவரை எழுதிய கதைகளிலெல்லாம் அப்படித்தான் செய்தேன், யாரும் கேட்கவில்லை. இந்தக் கதையில் மட்டும் செய்ய மனம் வரவில்லை. இரண்டையும் மடித்து உள்ளே போட்டுவிட்டேன். டப்பா உங்கள் பக்கம் இருக்கிறது. ஒன்றுதான் எடுக்கலாம், எடுத்ததைத் திரும்பப் போடக் கூடாது. அது ரத்தினபாயின் விதி.

சேட்டு மறுபடி எட்டிப் பார்த்தான்.

“இன்னாம்மா, ரெண்டு பேரும் குந்திகினே கீறீங்க. ஐயா காத்துகினு கீறாரு.”

பெஞ்சு ஆடியது.